கேட்டல் முப்பது, வாசித்தல் ஐம்பது

என் மகளுக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. பிழைப்பு சீனாவின் நடுவில், தமிழ்நாட்டில் யாரும் பெயர்கூடக் கேட்டிராத ஒரு மாவட்ட நகரத்தில், ஆங்கில ஆசிரியையாக. வீட்டில் மகள் யுன்னைத் திட்டுவது நெல்லைத் தமிழில். கதை சொன்னது, காய்ச்சலுக்கு நெற்றியைத் தடவிக் கொடுத்தது, தூங்க வைத்தது எல்லாம் ஆங்கிலத்தில். அந்த ஊரில் பாதிப் பள்ளிகளின் பயிற்சி ஒலிப்பதிவில் பேசுவதும் என் குரல்தான். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளைக்கு மாதிரித் தேர்வில் எண்பதுக்கு முப்பத்தொன்று.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கேட்டலுக்கு முப்பது, வாசித்தலுக்கு ஐம்பது. முன்பெல்லாம் பிள்ளைகள் விடைத்தாளில் பென்சிலால் கட்டம் நிரப்பினார்கள். ஒன்றும் தெரியாதவனும் குத்துமதிப்பாக நிரப்பிப் பத்து வாங்கிவிடுவான்; காசுள்ளவன் காதுக்குள் பயறு அளவில் கருவி வைத்து முப்பதும் வாங்குவான். எங்கள் மாகாணத்தில் இதையெல்லாம் ஒழித்துவிட்டு வளையம் கொண்டுவந்தார்கள். நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை. ஒலிபெருக்கியில் ஒரு வாக்கியம் ஓடும், அல்லது திரையில் ஒரு வரி நகரும். அது புரிந்ததா இல்லையா என்று மூளையைப் பார்த்து வளையமே மதிப்பெண் போட்டுவிடும். ஏமாற்ற வழியில்லை என்று எல்லாரும் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன்.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். வளையங்களைப் பராமரிக்கும் கூ என்ற இளைஞர், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, எனக்கு இரண்டு கோடுகளைத் திரையில் காட்டினார். ஒன்று கன்னாபின்னாவென்று ஏறி இறங்கியது. இன்னொன்று ஏறக்குறைய நேராக, அலுங்காமல் போனது.

"நேரா இருக்கே, அதுதான் உங்க பொண்ணு, டீச்சர்."

"அவளுக்குத் தூக்கத்திலயும் ஆங்கிலம் புரியும். இந்தப் பத்தியை அவகிட்டக் கேட்டுப் பாருங்க, ஒரு சொல் விடாமச் சொல்லுவா."

"புரியலைன்னு நான் சொல்லலையே. வளையம் சொல்லுது." அவர் விதைத் தோலைக் குப்பைக் கூடையில் துப்பினார். "இந்த வளையத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது நாப்பதாயிரம் பிள்ளைங்களோட மூளை. அத்தனையும் நம்ம ஊர்ப் பிள்ளைங்க. ஆங்கிலம் காதுல விழுந்ததும் அவங்க மூளை பதறும். தேடும், தொலைக்கும், திரும்பப் பிடிக்கும். பிடிச்சதும் பதற்றம் அடங்கும். அந்த இடத்தைத்தான் வளையம் 'புரிஞ்சது'ன்னு குறிச்சுக்குது. உங்க பொண்ணு பதறவே மாட்டேங்கிறா. அப்ப அடங்கறதுக்கு என்ன இருக்கு? கவனிக்காம உக்காந்திருக்கற பிள்ளைக்கும் அவளுக்கும் வளையத்துக்கு வித்தியாசம் தெரியாது."

"அப்ப தப்பு வளையத்து மேலதானே?"

"தாராளமா முறையீடு எழுதுங்க. செப்டம்பர்ல விசாரிப்பாங்க."

கல்லூரி இடங்கள் ஜூலையிலேயே முடிந்துவிடும். அந்த அறையில் நின்றபோதுதான் முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. யுன்னுக்கு நிலநடுக்கம் பற்றிப் படிக்க வேண்டும்; ஆறாம் வகுப்பிலிருந்து அதுதான் பேச்சு. அதற்கு நல்ல இடம் இந்த நாட்டில் மூன்றோ நான்கோதான். ஒரு மதிப்பெண் குறைந்தால் ஆயிரம் பேர் முன்னால் போய்விடுகிற ஊரில், இவள் ஐம்பது மதிப்பெண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கப் போகிறாள். அதுவும் நான் சின்ன வயதிலிருந்து அவளிடம் ஆங்கிலத்தில் கொஞ்சிய குற்றத்துக்காக.

தேர்வுக்கு நூறு நாள் இருக்கும்போது உறுதிமொழி விழா நடத்துவார்கள். அந்த ஆண்டு மைதானத்தில் ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் வலது முஷ்டியை உயர்த்தி, "ஜெயிப்போம், ஜெயிப்போம்" என்று கத்தினார்கள். பெற்றோர் வரிசையில் என் கணவர் வெய்யும் சேர்ந்து கத்தினார். ரயில்வேயில் சிக்னல் பார்ப்பவர். வீட்டில் சத்தமே வராத மனிதர். நான் யுன்னைப் பார்த்தேன். எல்லாரும் கத்தும்போது அவள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"எம்மா, என்னைப் பயங்காட்டு."

"என்னட்டி சொல்லுத?"

"யார் இங்கிலீஷ் பேசுனாலும் எனக்கு உன் குரலாத்தான் கேக்கு. புக்கைப் படிச்சாலும் உன் குரல்தான் உள்ள வாசிக்கு. உன் குரல் கேட்டா எனக்குத் தூக்கம் வரும், பயம் வராது. வளையத்துக்குப் பதற்றம்தானே வேணும்? உன் குரலைக் கேட்டா நான் பதறணும். அவ்வளவுதான்."

"போ ஏட்டி, கிறுக்கு."

"வேற வழி இருந்தா நீயே சொல்லு."

என்னிடம் வேறு வழி இல்லை. கூவிடம் கெஞ்சி ஒரு பழைய பயிற்சி வளையத்தை வாங்கிவந்தேன். தினமும் மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணிவரை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பயிற்சி. நான் ஒரு பத்தியை வாசிப்பேன். எந்த இடத்தில் என்று அவளுக்குத் தெரியாமல், பின்னால் நிற்கும் வெய் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவார். முதல் நாள் மூன்று பேரும் சிரித்தே ஓய்ந்தோம். கீழ்வீட்டுக்காரர் வந்து என்ன குடும்பச் சண்டையா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஆனால் மதிப்பெண் நாற்பத்துநான்கு வந்தது. அடுத்த வாரம் ஐம்பத்திரண்டு. அதன்பின் தட்டு அவளுக்குப் பழகிவிட்டது. வெய் நாலு தட்டைச் சேர்த்துப் போட்டபோதும் அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நாற்பதுக்கு இறங்கியது.

அதற்கு மறுநாள் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. ஒரு நூலகத்தைப் பற்றிய பத்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். வெய் வேலைக்குப் போயிருந்தார், தட்டுப் போட ஆள் இல்லை. நூலகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும், ஞாயிறு விடுமுறை என்று வாசித்துவிட்டு, அதே குரலில், அதே வேகத்தில், ஆங்கிலத்திலேயே சொன்னேன்: உன் அப்பா இன்று காலை தண்டவாளத்தில் அடிபட்டுவிட்டார். உடனே அடுத்த வரிக்குப் போய், புத்தகங்களை இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்தேன்.

யுன்னின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. முகம் வெளுத்து, உதடு துடித்து, எழுந்து நின்றாள்.

"பொய்ட்டி, பொய். சும்மா சொன்னேன். அப்பா நல்லாத்தான் இருக்காங்க" என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள். பிறகு வளையத்தின் சின்னத் திரையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எம்மா. அறுபத்தொண்ணு."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, "நாளைக்கும் சொல்லு" என்றாள். "எந்த இடத்துலன்னு எனக்குத் தெரியக் கூடாது. சில நாள் சொல்லாமலும் இரு."

அப்படித்தான் ஆரம்பித்தது. தட்டுச் சத்தத்துக்கு மொழி தேவையில்லை. இதற்குத் தேவை. அடி எந்த வாக்கியத்தில் வரும் என்று தெரியாததால் அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் பயந்து பயந்து திறந்து பார்க்க வேண்டியிருந்தது. அடி இல்லை என்று தெரிந்ததும் மூச்சு விடுவாள். வளையம் "புரிந்தது" என்று குறித்துக்கொள்ளும். பேருந்து நேரம், வானிலை, பூனை வளர்ப்பு, எதை வாசித்தாலும் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றது. அறுபத்துமூன்று, அறுபத்தாறு, அறுபத்தெட்டு. கூ தன் அறையில் வரைபடத்தைப் பார்த்து, "எந்த டியூஷன் டீச்சர்?" என்று கேட்டார்.

நான் தினமும் காலையில் காய் நறுக்கிக்கொண்டே அன்றைய பொய்யை யோசிப்பேன். உன் தோழி உன்னைப் பற்றி இப்படிச் சொன்னாள். மருத்துவமனை அறிக்கையில் உனக்கு இது இருக்கிறதாம். பெற்ற பிள்ளையை எங்கே தொட்டால் வலிக்கும் என்று தாய்க்குத்தானே தெரியும். எனக்கு அது அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதுதான் பயமாக இருந்தது.

மே மாதம் மறுபடி இறங்கத் தொடங்கியது. அறுபது, ஐம்பத்தேழு, ஐம்பத்தைந்து.

"நீ பொய் சொல்லப்போறன்னா முன்னாடியே தெரிஞ்சிருதும்மா" என்றாள் யுன். "ஒரு மூச்சைக் கூடுதலா இழுக்க. அதைக் கேட்டதும், இது சும்மான்னு மனசுக்குத் தெரிஞ்சு போகுது."

"அப்ப நிறுத்திருவோம்ட்டி. ஐம்பத்தஞ்சுக்கு என்ன கிடைக்குமோ அதைப் படி. ஒண்ணும் குடி முழுகிராது."

"பன்னெண்டு நாள்தாம்மா இருக்கு. இவ்வளவு தூரம் வந்தாச்சு." கண்ணில் நீர் நின்றது, ஆனால் பிடிவாதம் போகவில்லை. பிடிவாதம் என் வீட்டுப் பக்கம்.

மறுநாள் ஓய்வு பெறும் தபால்காரர் ஒருவரைப் பற்றிய பத்தி. நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. நடுவில் வரும்போது எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை, அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. உனக்கு இரண்டு வயதாக இருந்தபோது நான் சென்னைக்கு விமான டிக்கெட் எடுத்தேன், ஒரே ஒரு டிக்கெட். தபால்காரருக்கு ஊர்மக்கள் ஒரு சைக்கிள் பரிசளித்தார்கள் என்று மேலே வாசித்தேன்.

பதினைந்து வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை. வெய்க்கும் தெரியாது. மூச்சு இழுத்தேனா என்று எனக்கு நினைவில்லை.

யுன் கரண்டியைப் போடவில்லை. எழுந்து நிற்கவும் இல்லை. பத்தி முடியும்வரை அசையாமல் கேட்டாள். வளையத்தைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள். எழுபத்தேழு. பிறகு மீதிச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். அது உண்மையா என்று கேட்கவில்லை. அன்றைக்குப் பின் பயிற்சியும் நடக்கவில்லை. தேவையிருக்கவில்லை.

தேர்வு நாளில் இங்கே அம்மாக்கள் உடலை ஒட்டிய சிவப்புப் பட்டு அங்கி உடுத்தி வாசலில் நிற்பது வழக்கம். பிள்ளைக்கு வெற்றி வரும் என்று நம்பிக்கை. என் இடுப்புக்கு அந்த அங்கியெல்லாம் சரிப்படாது. நான் சிவப்புப் புடவையில் நின்றேன். மதியம் மூன்று மணிக்கு ஆங்கிலம். கேட்டல் பகுதி தொடங்கும்போது ஊரே வாயை மூடிக்கொள்ளும். ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலை நிற்கும், போலீஸ்காரர் சாலையின் குறுக்கே கயிறு கட்டி நிற்பார். அன்றும் அப்படியே நின்றது. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை சிணுங்க, அதன் தாய் அவசரமாக அதன் வாயில் விரலை வைத்தாள்.

உள்ளே யாரோ ஒருவரின் குரல் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். என் பிள்ளைக்கு அது என் குரலாகக் கேட்கும். ஒருவர் ஓட்டலில் அறை கேட்பார், ஒருத்தி குடையைத் தொலைத்திருப்பாள். ஒவ்வொரு வாக்கியத்தின் வாசலிலும் என் மகள் அடி வாங்கத் தயாராகக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த இருபது நிமிஷமும் நான் கடவுளிடம் மதிப்பெண் கேட்கவில்லை. சீக்கிரம் முடித்துக்கொடு என்றுதான் கேட்டேன்.

எழுபத்தெட்டு வந்தது. அவள் கேட்ட பல்கலைக்கழகம், அவள் கேட்ட படிப்பு. வெய் ஒரு பெட்டிப் பட்டாசு வாங்கிவந்து, வெடிக்க அனுமதி கிடைக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

முடிவு வந்த அன்று சமையலறையிலிருந்து, "ஏட்டி, சோறு போடட்டா?" என்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவள் கூடத்தின் நடுவில், தோள் இரண்டும் காதுவரை ஏறி, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். நான் பேசியது தமிழில், அதுவும் சோறு போடுவதைப் பற்றி.

"என்னம்மா ஆச்சு?" என்று கிட்டப் போனேன். தோள் இன்னும் ஏறியது.

"பேசாதம்மா, கொஞ்சம் பேசாத" என்றாள் மூச்சுவாங்க. "உன் மேல பயம் இல்லம்மா. சத்தியமா இல்ல. உன் குரல் கேட்டதும், அடுத்து என்ன வரப்போகுதோன்னு உடம்பு காத்துக்கிட்டு நிக்கி. நான் சொன்னா அது கேக்க மாட்டேங்கு."

சரியாகிவிடும் என்று ஒரு வாரம் பார்த்தோம், இரண்டு வாரம் பார்த்தோம். கூவிடம் போனேன். அவர் முதல்முறையாக விதைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "ஏத்தறதுக்குத்தான் வளையம் இருக்கு, டீச்சர். இறக்கறதுக்கு இல்லை" என்றார்.

அதன்பின் ஒரே வீட்டுக்குள் நானும் மகளும் போனில் எழுதித்தான் பேசிக்கொண்டோம். குழம்பு உறைக்கிறதா, துணி காய்ந்ததா, எல்லாம் எழுத்தில். வீட்டில் நான் வாய் திறப்பதை விட்டேன். ஒரு மாலை அவள் தன் அறையிலிருந்து எழுதினாள்: "அந்த டிக்கெட் உண்மையா?"

உண்மை என்று எழுதினேன். விமான நிலையப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததையும், அன்றைக்கு நீ தடுப்பூசி போட்டு வந்து காய்ச்சலில் கிடந்தாய் என்பதையும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டதையும் எழுதினேன். நான்கு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. "இதை நேர்ல சொல்லிராதம்மா. எழுதுனதே போதும். நான் நம்புதேன்."

இதோடு முடிந்திருந்தால் எங்கள் மூன்று பேரின் துக்கமாகப் போயிருக்கும். ஆனால் பெருமை தாங்காமல் வெய், பெற்றோர் அரட்டைக் குழுவில் எங்கள் பயிற்சி முறையை விலாவாரியாக எழுதிவிட்டார். முப்பத்தொன்றிலிருந்து எழுபத்தெட்டு. தட்டு, பொய், எல்லாம். டிக்கெட்டைத் தவிர, அது அவருக்குத் தெரியாது. எழுதியது குழுவிலிருந்து குழுவுக்குப் போய் ஊரெல்லாம் பரவியது. தலைமையாசிரியர் கூப்பிட்டு வாழ்த்தினார். பயிற்சி மையம் ஒன்று என்னைப் பேச அழைத்தது. வெய்யை நான் திட்டவில்லை. திட்டுவதற்கும் குரல் வேண்டும், யுன் பக்கத்து அறையில் இருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு காலை, மேல்மாடியில் குடியிருக்கும் திருமதி தாங் ஒரு கூடை பீச் பழத்தோடு வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பெண் நின்றது, முன்பல் விழுந்த வாயோடு.

"எமிமா டீச்சர், ஒரு யோசனை கேக்கணும்" என்றாள் ரகசியமாக. "இதை எந்த வயசுல ஆரம்பிச்சா நல்லது? இவளுக்கு ஆறு முடிஞ்சுருச்சு. ரொம்பத் தாமதமாயிடலையே?"

அவளை உலுக்கிக் கத்த வேண்டும் போல் இருந்தது. உள்ளே யுன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். போனை எடுத்து எழுதிக் காட்டினேன்: "செய்யாதீர்கள். என் பெண் இப்போது என் குரலைக் கேட்டால் நடுங்குகிறாள். அதனால்தான் எழுதுகிறேன்."

அவள் இரண்டு முறை வாசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "ஆனா எழுபத்தெட்டு வந்ததுதானே?" என்றாள். நான் தலையாட்டினேன், வந்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது. முறையை வெளியில் சொல்ல எனக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, பழக் கூடையை வைத்துவிட்டுப் புன்னகையோடு போய்விட்டாள்.

மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்கு மேலே ஒரு தட்டு விழுந்தது.

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். திருமதி தாங் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் வாசிப்பது ஜன்னல் வழியே கேட்டது. மறுபடி தட்டு. அந்தப் பிள்ளை கலகலவென்று சிரித்தது. எங்கள் வீட்டிலும் முதல் நாள் சிரித்தோம். அடுத்து வருவது எனக்குத் தெரியும். திருமதி தாங்குக்கும் தெரியும். வெய் அத்தனையையும் எழுதியிருந்தாரே. வாசிப்பு நின்றது. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் இன்னும் தெரியாது என்பதால் அவள் அதைச் சீனத்திலேயே, பாடம் வாசிக்கும் குரலில் சொன்னாள்: பாட்டி செத்துப்போய்விட்டாள், நீ சொன்ன பேச்சுக் கேட்காததால். சிரிப்பு அறுந்தது.

நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கால் வாசல்வரை போய் நின்றுவிட்டது. மேலே ஓடி எதை எழுதிக் காட்டுவேன்? எழுதியதை நேற்றே வாசித்துவிட்டாள்.

யுன் அறையைவிட்டு வெளியே வந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள். கூரையைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்தி நிற்கும் என்னைப் பார்த்தாள்.

"எம்மா, போய்ச் சொல்லு" என்றாள். "ஊருக்கே கேக்கதாப்ல சத்தம் போட்டுச் சொல்லு. நான் காதைப் பொத்திக்கிடுதேன்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக்கி, போ என்று தலையசைத்தாள். நான் கதவைத் திறந்து, படிக்கட்டில் நின்று, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த குரலை முழுதாக எடுத்து, எங்களுக்கு நடந்ததைக் கத்திச் சொன்னேன். மேலே, கீழே, எதிரே, கதவுகள் திறந்தன. நடுவில் ஒருமுறை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். காதைப் பொத்தியும் அவள் தோள் இரண்டும் ஏறியிருந்தன, முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தியது எப்படித் தெரிந்ததோ, ஒரு கையை மட்டும் காதிலிருந்து எடுத்து, இன்னும், இன்னும் என்று பின்னால் ஆட்டினாள்.